ஆறுமணிக்குருவி – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை கொல்லைக் கதவைத் திறந்தால், துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பறவை நின்றுகொண்டிருந்தது. மைனாவைவிடச் சிறியது. முதுகு பச்சை, தோளில் பளீரென்று நீலம், கண் வழியாக மை இழுத்தது போல ஒரு கறுப்புப் பட்டை. வாலைக் காணோம், யாரோ நறுக்கிவிட்டது போல இருந்தது. என்னைக் கண்டும் பறக்கவில்லை. தத்தித் தத்திப் போய் வாழைச் சருகுக்குள் நின்றுகொண்டது.

இந்த வீட்டுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது, இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பையன் அரிசியும் தண்ணீரும் வைத்தான், அரிசியைத் தொடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், "எங்கோ வளர்த்தது தப்பி வந்திருக்கும், கூண்டில் போடுங்கள், இல்லாவிட்டால் பூனை தின்றுவிடும்" என்கிறார். மாமியார், நல்லது நடக்கப்போகிறது என்கிறார். இன்றோடு ஐந்து நாள், இன்னும் இங்கேயேதான் இருக்கிறது. இது என்ன பறவை? வழி தவறி வந்துவிட்டதா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

ஒரு வாசகி
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

"வாலைக் காணோம்" என்று படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆறுமணிக்குருவி. அடுத்த முறை அது உங்களுக்கு முதுகு காட்டாமல் நிற்கும்போது வயிற்றின் கீழே, வாலடியில் பாருங்கள். குங்குமம் அப்பியது போல ஒரு சிவப்பு இருக்கும். அது இருந்தால் சந்தேகமே வேண்டாம். இந்தியில் இதற்கு நவரங் என்று பெயர், ஒன்பது நிறம். மயில் இதன் உடையைத் திருடிக்கொண்டு போய்விட்டதென்றும், அதைச் சொல்லித்தான் இது கூவுகிறதென்றும் இலங்கையில் ஒரு கதை உண்டு. 1766இல் ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது காக்கைக் கூட்டத்தில் சேர்த்து, குட்டைவால் காக்கை என்ற பொருளில் எழுதிவிட்டார். அப்புறம்தான் இதற்குத் தனி இனம் பிறந்தது. அந்த இனத்தின் பெயர் பிட்டா. தெலுங்கில் பிட்ட என்றால் குருவி. நம் பக்கத்துச் சொல் ஒன்று உலகம் முழுக்க அறிவியல் பெயராக நிற்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

வழி தவறவில்லை. சரியான வழியில்தான் வந்திருக்கிறது. இமயமலை அடிவாரத்திலிருந்து மத்திய இந்தியக் காடுகள் வரை தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடுகட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பர், அக்டோபரில் தெற்கே கிளம்பும். சில கடலைத் தாண்டி இலங்கைக்கே போய்விடும். அடிவாரத்திலிருந்து புறப்பட்டதென்றால் 2,000 கிலோமீட்டர் வரை பறந்திருக்கலாம். ஐம்பது அறுபது கிராம் எடையுள்ள உடம்பு! அதுவும் இரவில்தான் பயணம். விடியும்போது கீழே என்ன பச்சை தெரிகிறதோ அதில் இறங்கும். அதனால்தான் வீட்டுத் திண்ணையிலும் குளியலறையிலும்கூட இதைக் கண்டெடுக்கிறார்கள். உங்களைக் கண்டு பறக்காமல் நின்றதற்கு அந்தக் களைப்பும் ஒரு காரணமாக இருக்கும். பொதுவாகவே இது நடக்கிற பறவை, அவசியமில்லாமல் பறக்காது.

கூண்டு வேண்டவே வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையைப் பிடித்து அடைத்து வைப்பது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன். அதற்குக் காரணம் உண்டு.

பல வருஷங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில் எங்கள் ஜன்னல் கண்ணாடியில் ஏதோ 'தொப்'பென்று மோதியது. ஓடிப்போய்ப் பார்த்தால் தரையில் ஓர் ஆறுமணிக்குருவி. எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். எடையே தெரியவில்லை, சூடு மட்டும் தெரிந்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது. தாகம் என்று நினைத்து அலகைப் பிரித்து ஸ்பூனால் தண்ணீர் விட்டேன். ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்தது, அவ்வளவுதான். பறவைக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கும், நாம் ஊற்றுகிற தண்ணீர் நேரே அதற்குள் போய்விடும் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். கண்ணாடியில் பட்ட அடியே போதுமானதாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஸ்பூனை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அதன் சிறகை விரித்துப் பார்த்தது அன்றுதான். மடித்திருக்கும்போது தெரியாத வெள்ளைத் திட்டு ஒன்று உள்ளே இருந்தது.

அதனால் உங்கள் பையனிடம் சொல்லி வையுங்கள். எந்தப் பறவையாவது அடிபட்டுக் கிடந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, மூடி, சத்தமில்லாத இடத்தில் விட்டுவிட வேண்டும். வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மயக்கம்தான் என்றால் பெரும்பாலும் ஓரிரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிடும், வெளியே கொண்டுபோய்த் திறந்துவிடலாம். சிறகு ஒடிந்திருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். உங்கள் பறவைக்கு இதெல்லாம் தேவையில்லை. ஐந்து நாளாக நடந்து திரிகிறதே, அது நன்றாக இருக்கிறது.

உங்கள் மாமியார் சொல்வது போல நல்லதே நடக்கட்டும். பறவை அங்கே தங்கிவிட்டதற்கு எனக்குத் தெரிந்த காரணம், உங்கள் வாழையடியில் யாரும் பெருக்கவில்லை என்பதுதான். வருகிற விருந்தாளிக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நமக்குக் கை பரபரக்கும். அரிசியை அது ஏன் தொடவில்லை தெரியுமா? அதற்குச் சாப்பாடு சருகுக்கு அடியில் இருக்கிறது. பூச்சி, புழு, மண்புழு. கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு தத்து தத்தும், நிற்கும், தலையைச் சாய்க்கும். அலகால் ஓர் இலையைப் பிடித்து ஓரமாக எறியும். அந்தக் குட்டை வாலை மெதுவாக மேலும் கீழும் ஆட்டும். சட்டென்று ஒரு குத்து. அப்புறம் அடுத்த இலை. ஈரமான சருகு இருக்கும்வரை அதற்கு வேலை இருக்கிறது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, சில விஷயங்களைச் செய்யாமல் இருப்பது. அந்த மூலையைப் பெருக்காதீர்கள். சருகைக் கூட்டி எரிக்காதீர்கள். பூச்சிமருந்து அடிக்காதீர்கள், அது தின்கிற புழுவையெல்லாம் கொன்றுவிடும். கொல்லையைச் சுத்தமாக வைத்திருப்பது நல்ல பழக்கம் என்றே நாம் வளர்ந்தோம். ஆனால் வழித்துவிட்டதுபோல இருக்கிற கொல்லையில் இப்படி ஒரு பறவைக்கு ஒன்றுமே இல்லை. தண்ணீர்க் கிண்ணம் இருக்கட்டும், ஆழமில்லாத தட்டாக மாற்றி தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பூனை விஷயத்தில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரிதான், தரையில் மேய்கிற பறவைக்குப் பூனை பெரிய ஆபத்து. பூனை அவருடையதாக இருந்தால் விடியலிலும் அந்தியிலும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள். இரவைப் பற்றிக் கவலை வேண்டாம், அடைவதற்கு அது மரத்துக்குப் போய்விடும்.

அதன் குரலைக் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. கேட்டிருப்பீர்கள், எதனுடையது என்று தெரிந்திருக்காது. காலை ஆறு மணியை ஒட்டியும் மாலை ஆறு மணியை ஒட்டியும் இரண்டே சுரத்தில் ஒரு சீழ்க்கை. முதல் பாதி மேலே ஏறும், அடுத்த பாதி இறங்கும். தலையைப் பின்னால் சாய்த்து, அலகை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு கூவும். தமிழில் பெயர் வந்ததே இதனால்தான். ஒன்று கூவினால் பக்கத்துத் தோட்டத்தில் இருப்பதும் பதில் கொடுக்கும். அப்படிப் பதில் வந்தால் உங்கள் தெருவில் இன்னொன்றும் இறங்கியிருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தால் மார்ச், ஏப்ரல் வரை தங்கும். பையனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து முதலில் பார்த்த தேதியை எழுதச் சொல்லுங்கள். பறவைப் பதிவுகளுக்கென்றே கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் இபேர்ட் என்ற இணையதளம் இருக்கிறது. விருப்பமிருந்தால் அதிலும் பதியலாம், இது எந்த வழியாக எப்போது போய்வருகிறது என்பதை இப்படிப்பட்ட பதிவுகளைச் சேர்த்துத்தான் அறிகிறார்கள். கோடை தொடங்கியதும் ஒரு நாள் மாலை ஆறு மணிக்குச் சத்தம் இருக்காது. மறுநாள் காலையும் இருக்காது. கடைசியாகக் கூவிய தேதியையும் அந்த நோட்டில் எழுதிவிட்டு எனக்கு ஒரு வரி போடுங்கள்.

அன்புடன்