பலிபீடத்தைச் சுற்றி நடந்த வேலைகள்: எருசலேம் ஆலயம் பற்றிய கேள்வி பதில்

வேதாகமத்தில் பலி விதிகளைச் சொல்லும் லேவியராகமத்தை ஆர்வமாக எடுத்து, மூன்றாவது அதிகாரத்தில் மூடி வைத்தவர்கள்தான் நம்மில் அதிகம். கொழுப்பு, குண்டிக்காய், இரத்தம் என்று போகும்போது எதற்கு இவ்வளவு நுணுக்கம் என்ற அலுப்பு வருவது இயல்பு. வந்த கேள்விகளில் பாதி அந்த அலுப்பிலிருந்து பிறந்தவை. ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே: பதில்களில் 'மிஷ்னா' என்று அடிக்கடி வரும். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பு அது. அதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே ஆலயம் இடிந்துவிட்டது. ஆகவே அதில் உள்ளது கொஞ்சம் நினைவு, கொஞ்சம் 'இப்படித்தான் நடந்திருக்க வேண்டும்' என்ற கணிப்பு. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

கேள்வி: அக்கா, சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி என்று ஐந்து வகை. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. சுலபமாகப் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது தம்பி. யார் சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள், தானாகப் பிரிந்துவிடும்.

சர்வாங்க தகனபலியில் யாருக்கும் சாப்பாடு கிடையாது, முழுவதும் நெருப்புக்கு. தோல் மட்டும் பலியை நடத்தும் குருவான ஆசாரியனுக்கு. போஜனபலி என்பது மாவு, எண்ணெய், சாம்பிராணி; ஒரு கைப்பிடி பலிபீடத்தில் போகும், மிச்சம் ஆசாரியர்களுக்கு. பாவநிவாரணபலியையும் குற்றநிவாரணபலியையும் ஆசாரியக் குடும்பத்து ஆண்கள் ஆலயப் பிராகாரத்துக்குள்ளேயே சாப்பிட வேண்டும். ஆனால் பிரதான ஆசாரியனின் பாவத்துக்காகவோ, முழுச் சபையின் பாவத்துக்காகவோ கொண்டுவந்த காளையை ஒருவரும் தொடக்கூடாது, வெளியே கொண்டுபோய்ச் சுட்டெரிப்பார்கள். தன் தவறுக்கான பலியைத் தானே விருந்தாகச் சாப்பிட முடியாது, அவ்வளவுதான்.

சமாதானபலிதான் எனக்குப் பிடித்தது. கொழுப்பு பலிபீடத்துக்கு, மார்க்கண்டமும் (நெஞ்சுப் பகுதி) வலது முன்னந்தொடையும் ஆசாரியனுக்கு, மற்ற இறைச்சி எல்லாம் கொண்டுவந்தவர் வீட்டுக்கு. இரண்டு நாளுக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். மூன்றாம் நாள் மிஞ்சியதை எரித்துவிட வேண்டும். இதிலேயே நன்றிக்காகச் செலுத்தும் பலி என்றால் கெடு இன்னும் இறுக்கம், மறுநாள் காலைவரை வைக்கக்கூடாது. மிஷ்னா கணக்குப்படி அதோடு 40 அப்பம் வேறு, அதில் பத்து புளித்த மாவில் செய்தது. நான்கை ஆசாரியனுக்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் 36. ஒரு முழு ஆட்டுக்கறியையும் 36 அப்பத்தையும் ஒரே இரவில் ஒரு குடும்பம் எப்படித் தின்று தீர்க்கும்? அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். ஆபத்தில் பிழைத்து நன்றி செலுத்த வந்தவன் தன் கதையை நாலு பேரிடம் சொல்லட்டும் என்றே கெடுவை இறுக்கியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

கேள்வி: என்ன தப்பு வேண்டுமானாலும் செய்துவிட்டு ஓர் ஆட்டைக் கொண்டுபோய் வெட்டினால் கணக்குத் தீர்ந்துவிடுமா? ஒருவிதத்தில் லஞ்சம் மாதிரி இல்லையா?

பதில்: இந்தக் கேள்வியைக் கிட்டத்தட்ட எல்லோரும் கேட்கிறார்கள். பாவநிவாரணபலி அறியாமல் செய்த தவறுக்கு. துணிந்து செய்ததற்கு அல்ல. திட்டம் போட்டுக் கொலை செய்தவன் பலிபீடத்தையே பிடித்துக்கொண்டு நின்றாலும் அங்கிருந்து இழுத்துக்கொண்டு போகச் சொல்கிறது யாத்திராகமம் 21.

லேவியராகமம் 6ஐ நிதானமாக வாசியுங்கள். அடுத்தவர் நம்பிக் கொடுத்த பொருளை 'வாங்கவே இல்லை' என்று பொய்ச்சத்தியம் செய்து அமுக்கியவன் என்ன செய்ய வேண்டும்? முதலில் பொருளை உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், கூடவே ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து. ஆட்டுக்கடா அதற்குப் பிறகுதான். திருப்பித் தராமல் பலி செலுத்தினால் செல்லாது என்பதை மிஷ்னாவும் உறுதியாகச் சொல்கிறது. லஞ்சம் வாங்குகிறவர் 'முதலில் அவனுக்கு உள்ள பாக்கியைக் கொடுத்துவிட்டு வா' என்று சொல்லமாட்டார் இல்லையா?

கேள்வி: ஓர் ஆசாரியனுக்கு ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்? காலையிலிருந்து வெட்டுவதுதானா?

பதில்: வெட்டுவது ஆசாரியன் வேலையே இல்லை! பலியைக் கொண்டுவந்தவர் மிருகத்தின் தலையில் கைவைத்து, அவரே அறுக்கலாம். இரத்தத்தைப் பாத்திரத்தில் பிடிப்பதிலிருந்துதான் ஆசாரிய ஊழியம் தொடங்குகிறது. பொதுப் பலிகளை வழக்கத்தில் ஆசாரியர்களே அறுத்தார்கள், ஆனால் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை.

ஆசாரியர்கள் 24 வகுப்புகள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வாரம் முறை. முறைக்கு வந்தவர்களில் அன்றைக்குக் காவல் உள்ளவர்கள் ஆலயத்தில் நெருப்பு மூட்டிவைத்த ஒரு மண்டபத்தில் படுப்பார்கள். மூத்தவர்கள் சுவரோரத் திண்டுகளில், கையில் பிராகாரத்துச் சாவிகள், இளையவர்கள் தரையில். விடியுமுன் அதிகாரி வந்து கதவைத் தட்டுவார். முதல் வேலை என்ன தெரியுமா? சாம்பல் அள்ளுவது. சீட்டு விழுந்தவர் தன்னந்தனியாக, கையில் விளக்கு இல்லாமல், பலிபீடத்து நெருப்பின் வெளிச்சத்திலேயே நடந்துபோவார். மற்றவர்களுக்கு அவரைப் பார்க்கவும் முடியாது, காலடிச் சத்தமும் கேட்காது. கை கால் கழுவும் தொட்டியை நீரிலிருந்து தூக்கும் மர உருளை கிறீச்சிட்டதும், 'நேரமாயிற்று' என்று எழுந்து ஓடுவார்கள்.

இந்தச் சாம்பல் வேலைக்கு முதலில் சீட்டெல்லாம் கிடையாது. பலிபீடத்துச் சரிவுப் பாதையில் ஓட்டப்பந்தயம், முந்துகிறவருக்கு வேலை. ஒரு நாள் இருவர் சரிசமமாக ஓடி, ஒருவர் தள்ளிவிட்டதில் மற்றவர் விழுந்து கால் முறிந்தது. அதற்கப்புறம்தான் சீட்டு முறை வந்தது, ஒரு நாளைக்கு நான்கு தடவை. வட்டமாக நின்று ஆளுக்கு ஒன்றிரண்டு விரல் நீட்டுவார்கள். அதிகாரி ஓர் எண்ணைச் சொல்லி விரல்களை எண்ணிக்கொண்டே வருவார், யாரிடம் முடிகிறதோ அவருக்கு. கட்டைவிரலை மட்டும் நீட்டக்கூடாது. ஆட்காட்டி விரலையும் கட்டைவிரலையும் அகல விரித்து இரண்டு ஆள் கணக்கில் நிற்கிற கில்லாடிகள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள்.

அப்புறம் காலை ஆட்டுக்குட்டி. தினமும் இரண்டு, காலையில் ஒன்று, அந்தியில் ஒன்று. ஒரு வயதானது, பழுதற்றது. அறுக்குமுன் அதற்குப் பொற்கிண்ணத்தில் தண்ணீர் காட்டுவார்கள். விறகிலும் கணக்கு உண்டு: ஒலிவ மரமும் திராட்சைக் கொடியும் ஆகாது, அத்திமரத்துக்கு முதலிடம். எந்தப் பலியானாலும் உப்பு கட்டாயம். புளித்த மாவும் தேனும் பலிபீடத்து நெருப்பில் ஏறவே கூடாது.

தூபங்காட்டுவதற்கான சீட்டு தனி. 'இதுவரை தூபம் காட்டாத புதியவர்கள் மட்டும் வாருங்கள்' என்று கூப்பிடுவார்கள். லூக்கா முதல் அதிகாரத்தில் அபியாவின் வகுப்பைச் சேர்ந்த சகரியாவுக்குத் தூபங்காட்டச் சீட்டு விழுந்தது என்று வருகிறதே, அந்தக் காட்சியை இதோடு சேர்த்துப் பாருங்கள். அந்த முதியவர் வாழ்நாளெல்லாம் காத்திருந்து கிடைத்த ஒரே முறை அது.

கேள்வி: தினமும் கறி, கல்தரையில் வெறுங்கால். உடம்பு தாங்குமா? (நான் செவிலியர், அதனால் இந்தக் கேள்வி.)

பதில்: தாங்கவில்லை. ஆலயப் பொறுப்பாளர்களின் பட்டியலில் வயிற்றுக்கோளாறுக்கென்றே ஒருவர் இருந்தார், பென் அகியா என்று மிஷ்னா பெயரையும் தருகிறது. நீங்கள் சொன்ன இரண்டையும்தான் மிஷ்னாவுக்கு விளக்கமாக எழுந்த எருசலேம் தல்மூதும் காரணமாகச் சொல்கிறது, வெறுங்காலில் கல்தரையில் நின்று, கறி தின்று தண்ணீர் குடித்தார்கள் என்று.

கேள்வி: பிரதான ஆசாரியன் வருடத்துக்கு ஒருமுறை மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது காலில் கயிறு கட்டியிருப்பார்கள், மணிச்சத்தம் நின்றால் செத்துவிட்டார் என்று இழுத்துவிடுவார்கள் என்று பிரசங்கத்தில் கேட்டேன். உண்மையா சிஸ்டர்?

பதில்: நல்ல கதை, பிரசங்கத்துக்கு வசதியானது. ஆனால் வேதாகமத்தில் இல்லை, மிஷ்னாவில் இல்லை. இடைக்காலத்தில் வெளிவந்த சோகர் என்ற ஞான மரபு நூலில்தான் கயிறு வருகிறது.

மணி எங்கேயிருந்து வந்தது? யாத்திராகமம் 28ல் அவருடைய நீல அங்கியின் ஓரத்தில் பொன்மணிகள் உண்டு. அது அவர் மற்ற நாட்களில் அணியும் எட்டு உடைகளில் ஒன்று. பாவநிவிர்த்தி நாளில் உள்ளே போகும்போது அதையெல்லாம் கழற்றிவிட்டு வெறும் வெள்ளைச் சணல்நூல் உடையில்தான் போக வேண்டும் என்கிறது லேவியராகமம் 16. மணியே இல்லாத உடையில் மணிச்சத்தம் எப்படி நிற்கும்?

உண்மையில் நடந்ததாக மிஷ்னா சொல்வதே கயிற்றுக் கதையைவிடச் சுவையானது. ஏழு நாள் முன்பே அவரை வீட்டிலிருந்து அழைத்துவந்து தனி அறையில் வைப்பார்கள். அவருக்கு ஏதாவது தீட்டு நேர்ந்துவிட்டால் என்று மாற்று ஆள் ஒருவர் தயார். முந்தின இரவு தூங்கவிட மாட்டார்கள். கண் சொக்கினால் இளம் ஆசாரியர்கள் முன்னால் வந்து விரல் சொடுக்கி, 'ஐயா, எழுந்து குளிர்ந்த தரையில் கொஞ்சம் நில்லுங்கள்' என்பார்கள். அந்த நாளில் ஐந்து முறை முழுக்கு, பத்து முறை கை கால் கழுவுதல். இரண்டு வெள்ளாடுகள், சீட்டுப்போட்டு ஒன்று கர்த்தருக்கு, இன்னொன்று போக்காடாக வனாந்தரத்துக்கு. உள்ளேயிருந்து வெளியே வந்ததும் ஒரு சின்ன ஜெபம்தான் செய்வார். நீட்டினால் வெளியே இருக்கும் ஜனம் பயந்துவிடுமாம்!

கேள்வி: உடல் குறை உள்ள ஆசாரியனுக்கு ஊழியம் கிடையாது என்று லேவியராகமம் 21 சொல்கிறதே. படிக்கவே கஷ்டமாக இருக்கிறது.

பதில்: கஷ்டமாகத்தான் இருக்கும், பூசி மெழுக நான் வரவில்லை. பலியிடும் மிருகத்துக்கும் பலிபீடத்தில் நிற்கும் ஆளுக்கும் 'பழுதற்ற' என்ற ஒரே அளவுகோலை வைத்த உலகம் அது. ஆனால் அதே அதிகாரம் அவருடைய பங்கைப் பறிக்கவில்லை, மகா பரிசுத்தமான உணவையும் அவர் சாப்பிடலாம் என்கிறது. வேலையும் இருந்தது: பிராகாரத்தின் ஒரு மூலையில் விறகு அறை. அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையாகப் புழு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். புழு அரித்த கட்டை பலிபீடத்துக்கு ஆகாது.

கேள்வி: ஏழை ஆடு வாங்க எங்கே போவான்?

பதில்: லேவியராகமம் 5ல் படிக்கட்டு மாதிரி இருக்கிறது: ஆட்டுக்கு வக்கில்லாவிட்டால் இரண்டு காட்டுப்புறா அல்லது புறாக்குஞ்சு, அதற்கும் வழியில்லாவிட்டால் எப்பா என்ற தானிய அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு. பிள்ளை பெற்ற தாய்க்கும் புறா சலுகை உண்டு. இயேசுவின் பெற்றோர் செலுத்தியது அந்தப் புறாக்களைத்தான்.

சலுகையையும் வியாபாரி விடுவானா? ஒரு சமயம் எருசலேமில் ஒரு ஜோடிப் புறா ஒரு பொன் தினாருக்கு ஏறிவிட்டது. ஒரு பொன் தினார் என்றால் 25 வெள்ளித் தினார். ரப்பான் சிமியோன் பென் கமாலியேல் என்ற பெரியவர், 'விலையை இறக்காமல் இன்று இரவு தூங்கமாட்டேன்' என்று ஆலயத்தின்மேல் ஆணையிட்டார். நேராக நீதிமன்றத்துக்குப் போய், ஐந்து பிரசவத்துக்கான பலி பாக்கியிருக்கும் பெண்ணும் ஒன்றைச் செலுத்தினால் போதும், மற்றவை அவள்மேல் கடமை அல்ல என்று போதித்தார். அன்றைக்கே விலை வெள்ளித் தினாரில் கால் பங்காகச் சரிந்தது. சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு விலைவாசிக் கதை கிடைப்பது அபூர்வம்.

கேள்வி: யூதர் அல்லாதவர் பலி செலுத்தலாமா?

பதில்: செலுத்தலாம், சர்வாங்க தகனபலியை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் உட்பிராகாரத்துக்குள் நுழையக்கூடாது. மீறினால் மரணம் என்று கிரேக்கத்தில் எச்சரித்த கல்வெட்டு ஒன்று 1871ல் கிடைத்தது. ரோமப் பேரரசருக்காகவும் தினமும் அங்கே பலி நடந்தது. கி.பி. 66ல் அந்நியர் காணிக்கை இனி வேண்டாம் என்று ஆலய அதிகாரி எலெயாசார் அதை நிறுத்தினார். ரோமுக்கு எதிரான போர் அதிலிருந்தே மூண்டது என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார்.

கேள்வி: இப்போது ஏன் பலி இல்லை? சிவப்புக் கிடாரி வந்துவிட்டது, ஆலயம் கட்டப்போகிறார்கள் என்று வீடியோக்கள் வருகின்றனவே?

பதில்: கி.பி. 70ல் ரோமத் தளபதி தீத்துவின் படை ஆலயத்தை இடித்தது. உபாகமம் 12 குறித்த ஒரே இடத்தில்தான் பலி என்கிறது. இடம் போனதும் பலியும் போயிற்று. காலை, மாலை ஜெபங்கள் அந்த இரண்டு ஆட்டுக்குட்டிகளின் நேரத்தில் வந்து உட்கார்ந்தன. தினப்பலி நின்றுபோனதற்காகவும் சேர்த்து யூத நாட்காட்டியின் தம்மூஸ் மாதம் 17ஆம் தேதி இன்றும் உபவாசம் இருக்கிறார்கள்.

கிடாரிகள் வந்தது உண்மை. 2022ல் டெக்சஸிலிருந்து ஐந்து சிவப்புக் கிடாரிகளை இஸ்ரேலுக்குக் கொண்டுபோனார்கள். பிணத் தீட்டோடு ஆலயத்துக்குள் போகக்கூடாது; அதை நீக்கும் சாம்பலுக்கு எண்ணாகமம் 19 கேட்பது பழுதற்ற, நுகம் சுமக்காத சிவப்புக் கிடாரி. மிஷ்னாவோ இரண்டு மயிர் கறுப்பாக இருந்தாலே தள்ளிவிடும் என்கிறது. இதில் முனைப்பாக இருப்பது ஒரு சிறு கூட்டம்தான், அதை வைத்து நாள் குறிக்கும் வீடியோக்களை நான் பார்ப்பதில்லை.

பலி திரும்ப வேண்டுமா என்பதிலேயே யூதர்களுக்குள் பழைய சர்ச்சை உண்டு. பலி என்பது அக்கால மக்களின் பழக்கத்துக்கு இறங்கிவந்து கொடுத்தது என்று 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர் எழுதினார். ஆனால் அவரே தன் சட்டநூலில் எல்லாப் பலி விதிகளையும் ஒன்று விடாமல் தொகுத்தும் வைத்தார். அடுத்த நூற்றாண்டில் நாக்மனிடிஸ் என்ற இன்னொரு அறிஞர் அந்த விளக்கத்தைக் கடுமையாக மறுத்தார். இதற்கிடையே சமாரியர் தனி மரபில் நாப்லுஸ் பக்கத்துக் கெரிசீம் மலையில் வருடாவருடம் பஸ்காவுக்கு ஆடு அறுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கேள்வி: அக்கா, கடைசியாக ஒன்று. ஆசாரிய வம்சம் இப்போதும் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. தகப்பன் வழியில் வரும் அவர்களைக் கோஹன் என்பார்கள். ஜெபாலயத்தில் தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) வாசிக்க முதலில் கூப்பிடுவது கோஹனைத்தான். எண்ணாகமம் 6ல் உள்ள ஆசீர்வாதத்தைக் கைகளை விரித்துச் சபைக்குச் சொல்வதும் அவர்தான். தலைச்சன் மகனை மீட்க ஐந்து வெள்ளிக்காசு அவர் கையில்தான் கொடுப்பார்கள். கட்டுப்பாடுகளும் விடவில்லை: நெருங்கிய உறவினர் சாவு தவிர மயானத்துக்குப் போகக்கூடாது, விவாகரத்தான பெண்ணை மணக்கக்கூடாது. இஸ்ரேலில் யூதர் திருமணம் ரபிகள் என்ற யூத மதகுருக்கள் கையில் இருப்பதால் அப்படிப்பட்ட ஜோடிக்கு அங்கே திருமணம் நடத்திவைக்க மாட்டார்கள். ஆகவே பக்கத்தில் சைப்ரஸுக்குப் போய் மணம் முடித்துவிட்டு, திரும்பிவந்து அரசாங்கத்தில் பதிந்துகொள்கிறவர்கள் உண்டு.