படத்தின் மேல் அட்டவணை: எழுத்து மங்காமல் வைப்பது எப்படி?

கேள்வி: இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஓர் ஆண்டறிக்கை வடிவமைக்கிறேன். ஒரு பக்கம் முழுக்கப் படம், அதன் மேல் அட்டவணை வரவேண்டும். படத்தின் மேல் கொண்டுபோய் வைத்ததுமே அட்டவணை காணாமல் போகிறது. எப்படியோ வரவழைத்து கட்டங்களுக்கு வெள்ளை நிறம் கொடுத்தால் படம் மறைந்துவிடுகிறது. டின்ட்டை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, குறைத்தாலும் படம் தெரியவில்லை. ஒபாசிட்டியை, அதாவது ஒளிபுகாத தன்மையை, குறைத்தால் எழுத்தும் சேர்ந்து மங்குகிறது. வரிசை விட்டு வரிசை நிறமும் வேண்டும். வழி உண்டா?

பதில்: உண்டு. அதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. இன்டிசைனில் அட்டவணை என்பது தனிப் பொருள் அல்ல. அது டெக்ஸ்ட் ஃபிரேமுக்குள், அதாவது எழுத்துப் பெட்டிக்குள், எழுத்தோடு எழுத்தாக ஓடுகிற ஒன்று. எழுத்துக்கு என்ன நேருமோ அதுவேதான் அட்டவணைக்கும் நேரும்.

அட்டவணை காணாமல் போவதும் இதனால்தான். உங்கள் படத்துக்கு டெக்ஸ்ட் ராப், அதாவது எழுத்தைப் படத்தைச் சுற்றி ஓடவைக்கும் அமைப்பு, போட்டிருப்பீர்கள். படத்துக்கு மேலே இருக்கும் எழுத்தையும் அது விலக்கித் தள்ளும். படம் பக்கம் முழுக்க இருப்பதால் ஒதுங்க இடமில்லாமல் அட்டவணை ஓவர்செட் ஆகிவிடும், அதாவது ஃபிரேமுக்குள் கொள்ளாமல் மறைந்துவிடும். ஃபிரேமின் வலது கீழ் மூலையில் சிவப்புக் கூட்டல் குறி தெரிகிறதா என்று பாருங்கள். ஃபிரேமைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + B அழுத்தினால் டெக்ஸ்ட் ஃபிரேம் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் ‘இக்னோர் டெக்ஸ்ட் ராப்’ என்பதை டிக் செய்யுங்கள், அட்டவணை திரும்பி வந்துவிடும். படத்தின் ராப்பையே நீக்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் அதே படத்தைச் சுற்றி வேறு பத்தி ஓடினால் அது குலைந்துபோகும், அதனால் ஃபிரேமில் மாற்றுவதே நல்லது.

அடுத்து நிறம். டின்ட்டும் ஒபாசிட்டியும் வேறு வேறு. கறுப்பில் 20 சதவீத டின்ட் என்றால் வெளிர் சாம்பல் நிறம், அவ்வளவுதான். கண்ணுக்கு மெல்லியதாகத் தெரிந்தாலும் பின்னால் இருப்பதை முழுதாக மறைத்துவிடும். நிறப் பட்டியலில் உள்ள ‘பேப்பர்’ ஸ்வாட்சும் (காகித வெள்ளை) அப்படித்தான். படம் தெரிய வேண்டுமென்றால் கட்டத்தின் ஃபில் (உள்நிறம்) ‘நன்’ (None) ஆக, அதாவது நிறமே இல்லாமல், இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக ஒபாசிட்டி கொடுக்க இன்டிசைனில் வழி இல்லை. எஃபெக்ட்ஸ் பேனல் ஃபிரேம் அளவில்தான் வேலை செய்யும்.

ஆகவே வேலையைப் பிரித்துவிடுங்கள்: எழுத்தும் கோடும் அட்டவணைக்கு, பின்னணி ஃபிரேமுக்கு. எல்லாக் கட்டங்களுக்கும் ஃபில் ‘நன்’ வையுங்கள். பிறகு டெக்ஸ்ட் ஃபிரேமுக்குப் ‘பேப்பர்’ நிறம் கொடுங்கள். ஆப்ஜெக்ட் மெனுவில் எஃபெக்ட்ஸ், அதில் டிரான்ஸ்பரன்சி போய், மேலே இருக்கும் ‘செட்டிங்ஸ் ஃபார்’ பட்டியலில் ‘ஆப்ஜெக்ட்’ என்று இருப்பதை ‘ஃபில்’ என மாற்றிவிட்டு ஒபாசிட்டியை 75 சதவீதம் அளவுக்குக் குறையுங்கள். எழுத்து 100 சதவீதத்திலேயே நிற்கும், பின்னணி மட்டும் பனிபடர்ந்த கண்ணாடி மாதிரி ஆகும். பலர் தடுக்கி விழுவது அந்த ‘செட்டிங்ஸ் ஃபார்’ பட்டியலில்தான். உங்கள் எழுத்து மங்கியதற்கும் அதுவே காரணமாக இருக்கும்.

வரிசை விட்டு வரிசை நிறத்துக்கு இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது. முதலில் எல்லா வரிசைகளின் உயரத்தையும் ‘அட் லீஸ்ட்’ என்பதிலிருந்து ‘எக்ஸாக்ட்லி’ ஆக்குங்கள். இதை விட்டுவிட்டால் பின்னால் எழுத்தை நீக்கும்போது வரிசைகள் சுருங்கிவிடும். லேயர்ஸ் (அடுக்குகள்) பேனல் மெனுவில் ‘பேஸ்ட் ரிமெம்பர்ஸ் லேயர்ஸ்’ அணைந்திருக்கட்டும். ஃபிரேமை நகலெடுத்து, படத்துக்கும் அட்டவணைக்கும் நடுவே ஒரு லேயர் உருவாக்கி, அதில் ‘பேஸ்ட் இன் பிளேஸ்’ செய்யுங்கள். நகலில் கட்டங்களை எல்லாம் தேர்ந்தெடுத்து டெலீட் அழுத்தினால் எழுத்து மட்டும் போகும், கட்டங்கள் இருக்கும். கோடுகளையும் ஃபிரேமின் ஃபில்லையும் நீக்கிவிட்டு, டேபிள் ஆப்ஷன்ஸில் ‘எவ்ரி அதர் ரோ’ கொடுத்து நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். இந்த நகலுக்கு முழு ஆப்ஜெக்ட்டாகவே ஒபாசிட்டியைக் குறைக்கலாம், மங்குவதற்கு அதில் எழுத்தே இல்லையே. மேலே இருக்கும் ஃபிரேமுக்கு முன்பு கொடுத்த ‘பேப்பர்’ ஃபில்லையும் நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அது கீழே உள்ள நிறத்தை மங்கவைக்கும்; அதில் எழுத்தும் மெல்லிய கோடும் மட்டும் இருக்கட்டும். ஒரே சிரமம், வரிசை கூடினாலோ உயரம் மாறினாலோ இரண்டிலும் மாற்ற வேண்டும். அதனால் எண்கள் எல்லாம் உறுதியான பிறகு இதைச் செய்யுங்கள்.

அச்சுக்குப் போகிற வேலை என்றால் தலைப்பு வரிசையைக் கட்டாயம் கவனியுங்கள். அதற்கு இன்டிசைனின் ‘பிளாக்’ ஸ்வாட்சை 100 சதவீதத்தில் நிரப்பினால் இயல்பு அமைப்பில் அது ஓவர்பிரின்ட் ஆகும், அதாவது அடியில் உள்ள நிறத்தை நீக்காமல் அதன் மேலேயே அச்சாகும். திரையில் கெட்டிக் கறுப்பாகத் தெரியும். அச்சில் கறுப்புக்குள் படம் பேய் மாதிரி எட்டிப்பார்க்கும். வியூ மெனுவில் ‘ஓவர்பிரின்ட் பிரிவியூ’ போட்டால் முன்கூட்டியே தெரிந்துவிடும். அந்த ஸ்வாட்சை டூப்ளிகேட் செய்து, நகலைக் கொண்டு நிரப்புங்கள், சரியாகிவிடும். சின்னக் கறுப்பு எழுத்துக்கு மட்டும் ஓவர்பிரின்ட் நல்லதே, அதைத் தொடவேண்டாம்.

படத்தின் மேல் வெள்ளை எழுத்து வைத்தால் மெல்லிய எழுத்துருவைத் தவிருங்கள். நான்கு நிற அச்சில் தகடுகள் மயிரிழை விலகினாலே சின்ன வெள்ளை எழுத்து நிரம்பிப்போகும். கோடுகளும் 0.5 பாயின்ட்டுக்குக் குறைய வேண்டாம். பிடிஎஃப் எடுக்கும்போது அச்சகம் ஏற்றுக்கொண்டால் பிடிஎஃப் எக்ஸ்-4 என்ற அச்சுத் தரத்தைத் தேர்ந்தெடுங்கள், ஒளிபுகும் பகுதிகள் தட்டையாக்கப்படாமல் அப்படியே போகும். ஒளிபுகும் பகுதிகளைத் தட்டையாக்கிவிடும் எக்ஸ்-1ஏ தரத்தைக் கேட்டால் எழுத்து லேயர் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது மிக முக்கியம். ஒளிபுகும் பொருளுக்கு அடியில் சிக்கிய எழுத்து அச்சில் தடித்துத் தெரியக்கூடும்.

திரையில் படிக்கப்போகிற அறிக்கை என்றால் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) வேண்டும் என்கிறது, இணைய உள்ளடக்கம் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி விதி. படத்தின் வெளிச்சமான பகுதி, இருண்ட பகுதி இரண்டுக்கும் மேலே உள்ள கட்டங்களைத் தனித்தனியாகச் சோதியுங்கள். தமிழ் எழுத்துகளில் மேலே ஏறும் சுழியும் கீழே இறங்கும் காலும் வரிசைக் கோட்டில் முட்டும், ஆகவே கட்டத்தின் மேல், கீழ் இன்செட்டை (உள்ளே விடும் இடைவெளியை) இயல்பான 4 பாயின்ட்டிலிருந்து கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ‘எக்ஸாக்ட்லி’ வைத்த வரிசையில் எழுத்து கொள்ளாமல் போனால் கட்டத்தின் மூலையில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி வரும், அது கண்ணில் படாமல் தப்பிவிடும். அச்சுக்கு அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு கட்டத்தையும் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.