மழைக்காலத்தில் வியர்க்கும் கேக்

அன்புள்ள அக்கா,

மும்பை செம்பூரிலிருந்து எழுதுகிறேன். வீட்டிலேயே கேக் செய்து, தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்று வருகிறேன். சென்ற வாரம் அண்ணன் மகனின் முதல் பிறந்தநாளுக்கு, மேலே நீல யானை உட்கார்ந்திருக்கும் ஃபாண்டன்ட் கேக் செய்தேன். கேக்கின் மேல் போர்த்தும் சர்க்கரை மாவான அந்த ஃபாண்டன்ட்டையும் நானே பிசைந்தேன். உள்ளே விப்பிங் கிரீமும் அன்னாசித் துண்டுகளும். இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, காலையில் மாட்டுங்காவில் உள்ள மண்டபத்துக்குக் கொண்டுபோனேன். வெளியே எடுத்து வைத்த அரை மணி நேரத்துக்குள் மேற்பரப்பு முழுவதும் நனைந்து பளபளத்தது. தொட்டவர் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. யானையின் தும்பிக்கை சரிந்து, நீலச் சாயம் வெள்ளைப் பரப்பில் வழிந்துவிட்டது. மே மாதத்தில் விரிசல் விட்டதால், இந்த முறை கிளிசரின் ஒரு ஸ்பூன் கூடுதலாகச் சேர்த்திருந்தேன். ஐசிங் சர்க்கரையை இன்னும் அதிகமாகச் சேர்த்துப் பிசைந்தால் ஒட்டாமல் இருக்குமா? அடுத்த மாதம் ஒரு வளைகாப்புக்குக் கேக் கேட்டிருக்கிறார்கள். ஒப்புக்கொள்ளவே பயமாக இருக்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள தங்கைக்கு,

சர்க்கரையைக் கூட்டாதீர்கள். இங்கே ஈரத்தை இழுப்பதே சர்க்கரைதான். அதையே இன்னும் கொட்டினால் பிசையும்போது கெட்டியாகத் தெரியும், தேய்க்கும்போது ஓரமெல்லாம் வெடிக்கும், மண்டபத்துக்குப் போனதும் பழையபடி நசநசக்கும்.

மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து வைத்த கடலை மிட்டாய்க்கு என்ன ஆகும் என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஃபாண்டன்ட்டுக்கும் அதேதான். சாதாரணச் சர்க்கரை, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 85 சதவீதத்தைத் தொட்டால்தான் தானாகக் கரையத் தொடங்கும். குளுக்கோஸுக்கு 74 சதவீதம் வாக்கிலேயே போதும். இரண்டும் கலந்துவிட்டால் அந்த எல்லை இன்னும் கீழே இறங்கும். ஜூலை மாத மும்பையில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நிற்பது அன்றாடச் செய்தி. போதாததற்கு நீங்கள் கிளிசரினையும் கூட்டியிருக்கிறீர்கள். அதன் வேலையே ஈரத்தைப் பிடித்து வைப்பதுதான். மே மாத விரிசலுக்கு அது மருந்து, ஜூலையில் அதுவே நோய். மழை தொடங்கியதும் நான் கிளிசரினைப் பாதியாகக் குறைத்துவிடுவேன். திரவ குளுக்கோஸிலும் கொஞ்சம் கை வைப்பேன்.

ஆனால் அன்றைக்கு உங்கள் யானையைச் சாய்த்தது கிளிசரின் அல்ல, ஃப்ரிட்ஜ். இந்த மாதங்களில் மும்பைக் காற்றில் உள்ள நீராவி, சுமார் 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளின் மீதும் தண்ணீராகப் படிந்துவிடும். உங்கள் கேக் நாலைந்து டிகிரியில் வெளியே வந்திருக்கிறது. சில்லென்ற சொம்பின் வெளிப்பக்கத்தில் நீர் கோத்தால் துடைத்துவிடலாம். சர்க்கரையின் மேல் கோத்தால் அது பாகாகிவிடுகிறது, அதில் சாயமும் கரைந்து ஓடுகிறது.

எனவே கேக்கைக் குளிரவைக்கத் தேவையே இல்லாதபடி திட்டமிடுவதுதான் வழி. உள்ளே விப்பிங் கிரீமும் அன்னாசியும் வைத்த பிறகு ஃப்ரிட்ஜைத் தவிர்க்க முடியாது. அதிலும் அந்தக் கிரீமின் ஈரம் அடியிலிருந்து ஏறி, மேலேயிருந்து காற்று செய்கிற வேலையைக் கீழேயிருந்து செய்யும். ஃபாண்டன்ட்டுக்கு அடியில், சாக்லேட்டைக் கிரீமில் உருக்கிச் செய்யும் கனாஷ் பூசுங்கள். டார்க் சாக்லேட் என்றால் இரண்டு பங்கு சாக்லேட்டுக்கு ஒரு பங்கு கிரீம் என்பது வழக்கமான கணக்கு. நம் ஊர் வெக்கைக்கு இரண்டரைப் பங்காக வைத்தால் நன்றாக இறுகி நிற்கும். வெள்ளைச் சாக்லேட் இளகியது, அதற்கு மூன்றரைப் பங்காவது வேண்டும். பழமும் கஸ்டர்டும் இல்லாமல், கேக்கைச் சர்க்கரைத் தண்ணீரில் ஊறவைக்காமல், இப்படிக் கனாஷ் பூசிய கேக்கை ஏசி அறையிலேயே ஓர் இரவு வைத்துவிடலாம். கனாஷ் இறுகிய பிறகு ஃபாண்டன்ட்டைப் போர்த்துங்கள்.

ஏசியில் ‘டிரை’ என்று ஒரு பொத்தான் இருக்கும். பலர் அதைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். கேக் வேலை செய்கிறவர்களுக்கு மற்றப் பொத்தான்களைவிட அதுதான் முக்கியம். அறைக்கதவைச் சாத்தி ஒரு மணி நேரம் அதை ஓடவிட்டு, பிறகு பிசைய ஆரம்பியுங்கள். அதே அறையில் குக்கர் விசிலடிக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே அறையில் சமையலும் படுக்கையுமாக இருக்கிற வீடுகள் இங்கே எத்தனையோ உண்டு. அங்கே என்றால் இரவுச் சமையல் முடிந்து ஈரம் அடங்கிய பிறகுதான் இந்த வேலையைத் தொட வேண்டும்.

தேய்க்கும்போது பலகையில் ஐசிங் சர்க்கரைக்குப் பதிலாகக் கார்ன்ஃப்ளார் தூவுங்கள். மெல்லிய துணியில் முடிந்து தட்டினால் போதும், அள்ளிக் கொட்டினால் வெள்ளைத் திட்டு விழும். கையில் வனஸ்பதி போன்ற வெஜிடபிள் ஷார்ட்னிங்கைத் துளி தடவிக்கொள்ளுங்கள். மிக்ஸியில் நீங்களே சர்க்கரையைப் பொடிக்கிறீர்கள் என்றால், ஒரு கோப்பைக்கு ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார் சேர்த்தே பொடியுங்கள். கடையில் வாங்கும் ஐசிங் சர்க்கரையில் பெரும்பாலும் இது ஏற்கெனவே கலந்திருக்கும்.

யானை போன்ற உருவங்களுக்கு, ஃபாண்டன்ட்டை இறுகிக் காயவைக்கும் சிஎம்சி பவுடர் வேண்டும். கிராஃபோர்டு மார்க்கெட்டைச் சுற்றியுள்ள கேக் சாமான் கடைகளில் கேட்டால் சின்ன டப்பாவில் கொடுப்பார்கள். சிலர் டைலோஸ் என்பார்கள். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். கால் கிலோ ஃபாண்டன்ட்டுக்கு ஒரு தேக்கரண்டி. உருவத்தை இரண்டு மூன்று நாள் முன்பே செய்து, மூடாமல், ஏசி அறையில் காயவிடுங்கள். தட்டினால் டக்கென்று சத்தம் வர வேண்டும். மண்டபம் போய்ச் சேர்ந்த பிறகே கேக்கின் மேல் ஏற்றுங்கள். போர்த்துகிற ஃபாண்டன்ட்டுக்கு இவ்வளவு சிஎம்சி போட்டுவிடாதீர்கள், கத்தி இறங்காது. நீலம், சிவப்பு, கறுப்பு எல்லாம் அடர்த்தியாக வேண்டுமென்றால் பொடிச் சாயமே நல்லது. திரவச் சாயம் தண்ணீரைச் சேர்க்கும். ஜெல் சாயத்திலும் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும்.

எப்படியும் ஃப்ரிட்ஜில் வைத்தாக வேண்டிய கேக் வந்தால், அட்டைப்பெட்டியில் வைத்து நன்றாக மூடி உள்ளே தள்ளுங்கள். வெளியே எடுத்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். பார்க்கத் துடிக்கும் அத்தைகளிடமிருந்து அதைக் காப்பாற்றுங்கள்! கேக் அறைச் சூட்டுக்கு வருகிற வரைக்கும், இரண்டு மணி நேரமானாலும், அட்டையின் மேல்தான் நீர் கோக்க வேண்டும். அதையும் மீறி வியர்த்துவிட்டால் துடைக்காதீர்கள், மாவு தூவாதீர்கள். இரண்டும் தழும்பாகிவிடும். ஏசி அறையில் சற்றுத் தள்ளி மின்விசிறியைப் போட்டு, யாரும் விரல் வைக்காமல் பார்த்துக்கொண்டால் தானாகவே உலரும். வண்டியிலும் மடியில் வைக்காமல் சமமான தரையில் வைத்து, கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போடச் சொல்லுங்கள்.

என் சொந்த அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். கேக் முழுவதையும் ஃபாண்டன்ட்டால் போர்த்துவதில் எனக்கு அவ்வளவு விருப்பம் இல்லை. பந்தியில் பாருங்கள், பாதிப்பேர் அதை உரித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆகஸ்ட் வளைகாப்புக்குக் கனாஷ் பூசிய கேக்கை வழுவழுப்பாக இழைத்து, மேலே வளையல், பூ, தொட்டில் என்று உருவங்களை மட்டும் ஃபாண்டன்ட்டில் செய்யுங்கள். பணமும் மிச்சம், பயமும் குறைவு. அவர்கள் முழுப் போர்வைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், முன்பணம் வாங்குவதற்கு முன்பே மண்டபத்தில் ஏசி உண்டா, கேக்கை வைக்கும் மேசை வாசலுக்குப் பக்கத்திலா உள்ளேயா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினை ஃபாண்டன்ட்டில் சேர்க்கிறீர்கள் என்றால் அதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். வளைகாப்பு வீட்டில் சைவம் பார்க்கிற பாட்டி ஒருவராவது இருப்பார்.