வெட்டிய பிர்ச் ஏன் திரும்ப வருகிறது?

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் புதர்வெளியில் குளிர்காலம்தோறும் தன்னார்வலர்களோடு சேர்ந்து பிர்ச் மரக்கன்றுகளை வெட்டுகிறோம். இரண்டே வருடத்தில் முன்னைவிட அடர்த்தியாக வந்துவிட்டது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் பழைய வடிகால்களை அடைக்கிறார்கள். தரையில் முட்டையிடும் ஆட்காட்டிப் பறவைக்கு இவ்வளவு தண்ணீர் எதற்கு?

மு., சவுதாம்ப்டன்

அன்புள்ள மு.,

பிர்ச்சை வெட்டினால் அடிக்கட்டை துளிர்க்கும். ஒரு தண்டு நின்ற இடத்தில் ஐந்தாறு நிற்கும். முழங்கால் உயரக் கன்றுகளை, மழையில் மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்கிவிடுங்கள். பெரியவற்றை வெட்டிய கையோடு கட்டையில் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச வேண்டும். அது பயிற்சிச் சான்றிதழ் உள்ளவரின் வேலை. ஓடைக்கரை என்றால் தனி அனுமதியும் தேவை. பைன் அடிக்கட்டை துளிர்க்காது. ஆனால் அடியில் ஒரு பச்சைக்கிளை தப்பினாலும் அதுவே நிமிர்ந்து மரமாகிவிடும். தரையை ஒட்டி வெட்டுங்கள்.

வெட்டிய தழையை அங்கேயே போட்டுவிட்டு வராதீர்கள். இந்தப் புதர்வெளியை மூடியிருக்கும் ஹெதர், சத்தற்ற புளிப்பு மண்ணில் வாழும் குட்டைச் செடி. தழை மக்கி உரமானால் புல்லும் முள்கொடியும் அதை அமுக்கிவிடும். நம்மூர் விவசாயி கேட்டால் சிரிப்பார், ஆனால் இங்கே மண் ஏழையாக இருப்பதுதான் நல்லது.

கோர்ஸ் என்ற முட்புதரை ஒரேயடியாக மொட்டையடிக்க வேண்டாம். டார்ட்ஃபோர்ட் கதிர்க்குருவி குளிரிலும் வலசை போகாமல் அதற்குள்தான் சிலந்தி தேடுகிறது. 1962-63 கடுங்குளிருக்குப் பிறகு பிரிட்டனில் ஏறக்குறைய பத்து ஜோடிகளே மிஞ்சின. ஆண்டுக்கு ஒரு திட்டாக வெட்டினால் எல்லா வயதுப் புதரும் இருக்கும். (ஊட்டியில் இதே கோர்ஸ் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த களை. நீலகிரி நெட்டைக்காலி கூடு கட்டும் புல்வெளியை அது விழுங்குகிறது. அங்கே வேரோடு எடுக்கத்தான் வேண்டும்.) இரவில் பறந்து பூச்சி பிடிக்கும் பக்கிப் பறவை கூடே கட்டாது, வெறுந்தரையில் இரண்டு முட்டை இடும். அதற்காகப் புதர்களுக்கிடையே ஆங்காங்கே மண் தெரியட்டும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். ஆட்காட்டி கேட்பது வெள்ளமல்ல, ஈரம். கூடு மேட்டில் இருக்கும். ஆனால் குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்திலேயே நடந்துபோய்ச் சேற்றோரப் பூச்சிகளைத் தாமே பொறுக்கித் தின்ன வேண்டும். நீண்ட அலகுள்ள உள்ளான் பறவைக்கோ அதை மண்ணுக்குள் செருகித்தான் சாப்பாடு; மே மாதத்தில் மண் இறுகினால் பட்டினிதான்.

நேராக வெட்டிய வடிகாலில் நீர் வேகமாக ஓடி அடித்தளத்தை அரிக்கும். கால்வாய் ஆழமாக ஆழமாக இருபுறமும் கரிச்சேறு (மக்கிய செடிகளாலான சதுப்பு மண்) காய்ந்துவிடும். இதை ஒரே உயரமான அணையால் அடைத்தால் நீர் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு புதுக் கால்வாய் வெட்டிக்கொள்ளும். ஹெதர் கட்டுகளும் களிமண்ணும் கொண்டு சிறு அடைப்புகளாகப் போடுவதே சரி. கீழ் அடைப்பில் தேங்கும் நீர் மேல் அடைப்பின் அடியைத் தொடும்படி இடைவெளி அமைய வேண்டும், முனைகள் கரைக்குள் நன்றாகப் புதைந்திருக்க வேண்டும்.

உங்கள் பிர்ச் வேலையும் இதோடு சேர்ந்ததுதான். சதுப்போரம் தனியாக நிற்கும் மரம், ஆட்காட்டி முட்டைகளை நோட்டமிடும் காக்கைக்குக் காவல்கோபுரம். முதலில் அதைச் சாயுங்கள்.

பிப்ரவரிக் கடைசியோடு அரிவாளைக் கீழே வைத்துவிடுங்கள். மர வானம்பாடி மார்ச்சிலேயே கூடு கட்டத் தொடங்கிவிடும். ஜூலை முடியும்வரை நாயையும் பாதையை விட்டு இறங்க விடாதீர்கள்.