ஆயில் மூடியில் வெள்ளை: கார் வாங்கலாமா?

கேள்வி: தினமும் குன்னூர் பள்ளிக்குப் போய்வர 2014 மாடல் பெட்ரோல் கார் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் தயிர் ஆடை போல வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. "இன்ஜின் போச்சு" என்கிறார் அண்ணன். "மலைக் குளிருக்கு எல்லா வண்டியிலும் இப்படித்தான்" என்கிறார் விற்பவர். யாரை நம்புவது சார்?
- ஓர் ஆசிரியை, கோத்தகிரி

பதில்: இரண்டுமே நடக்கக்கூடியதுதான் டீச்சர். குன்னூரில் பட்டறை வைத்திருந்த காலத்தில் இந்த வெள்ளையை நிறையப் பார்த்திருக்கிறேன். குளிரில் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் இன்ஜின் முழுச் சூடு ஏறுவதில்லை. உள்ளே வியர்க்கிற ஈரம் ஆவியாகிப் போகாமல் ஆயிலோடு கலந்து மூடியில் படிந்துவிடும். ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஆயிலில் இறங்கினாலும் இதே வெள்ளைதான்.

அதனால் முதலில், விற்பவர் வண்டியை எங்கே ஓட்டினார் என்று கேளுங்கள். கடைவீதிக்கு மட்டும் என்றால் அவர் சொல்வதை நம்பலாம். தினமும் கோயம்புத்தூர் போய்வந்த வண்டியில் அந்த வெள்ளைக்கு வேலையே இல்லை. அப்புறம் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை, அதாவது டிப்ஸ்டிக்கை உருவுங்கள். அதிலும் ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் அந்த வண்டி வேண்டாம். கூலன்ட் டப்பாவில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலும் வேண்டாம்.

இரண்டும் சுத்தமா? சரி, மூடியைத் துடைத்துவிட்டு, கூலன்ட் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, உரிமையாளரோடு மேட்டுப்பாளையம் வரை இறங்கி ஏறுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை விடுங்கள். கியர் தானாக நியூட்ரலுக்கு நழுவினால் கியர்பாக்ஸ் தேய்ந்திருக்கிறது. ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் மட்டும் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் பிளேட் போயிருக்கும். அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லலாம். மறுநாள் காலை, இன்ஜின் ஆறியபின் கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள். இறங்கியிருந்தால் எங்கே போனது என்று தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள், கை வெந்துவிடும்.

இன்னொன்று, இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சமவெளியில் ஒரு வண்டி வாங்கப் போனபோது பானட் ஏற்கெனவே சூடாக இருந்தது. ஏன் என்று கேட்கவில்லை. மூன்றாவது வாரம், அம்மாவை ஏற்றிக்கொண்டு பர்லியாறு தாண்டி ஏறும்போது வெப்பமுள் சிவப்புக்குப் போய்விட்டது. ஹெட் கேஸ்கட். மழையில் அம்மா சாலையோரம் இரண்டு மணி நேரம் நின்றார். அதனால்தான் சொல்கிறேன், காலையில் நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும்; முன்பே சூடேற்றி வைத்தால் குளிர்ந்த இன்ஜினில் தெரியும் கோளாறு மறைந்துவிடும். கோத்தகிரிக் குளிரில் சைலன்சரில் முதலில் வெள்ளை ஆவி வரும்; அது வெறும் ஈரம். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் நிற்காமல், இனிப்பு வாடையோடு வந்தால் அது கூலன்ட். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது.

அண்ணனையும் கூட்டிப் போங்கள். டிப்ஸ்டிக்கை அவரே உருவிப் பார்க்கட்டும்.