எல்.கே.ஜி. கைகள்: கேட்டவையும் சொன்னவையும்

நர்சரிப் பள்ளிகளில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன்; எழுதுவது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பிள்ளைகளைப் பழக்குவது என் வேலை. மூன்று முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள்.

மகனுக்கு மூன்றரை வயது. பென்சிலை முஷ்டியால் பிடிக்கிறான். பள்ளியில் தினமும் ஒரு பக்கம் ‘அ’ எழுதச் சொல்கிறார்கள்.

அவன் கையில் குறையில்லை, வீட்டுப்பாடத்தில்தான் குறை. பார்த்து வரைவதற்கு ஒரு வரிசை உண்டு: இரண்டு வயதையொட்டி நேர்க்கோடு, மூன்றில் வட்டம், நான்கில் கூட்டல் குறி, ஐந்தையொட்டி முக்கோணம். கூட்டல் குறியே வராத கைக்கு, சுழித்து வளைத்து இறக்கும் ‘அ’ எப்படி வரும்? எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் ‘ட’விலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். இரண்டே கோடுதான்.

பென்சிலை எடுத்து ஒளித்து வையுங்கள். கிரேயானைக் கட்டைவிரல் நகமளவுக்கு உடைத்துக் கொடுங்கள். அத்தனை சிறிய துண்டை முஷ்டியால் பிடிக்க முடியாது. மூன்று விரலும் தாமாக வந்து சேரும். வேர்க்கடலை உரிக்கட்டும், துணிக்கு கிளிப் மாட்டட்டும், சப்பாத்தி மாவு பிசையட்டும்.

இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும்?

பி.ஓ.டி., அதாவது ஆக்குபேஷனல் தெரபியில் இளநிலைப் பட்டம். வேலூர் சி.எம்.சி.யில் இருக்கிறது. பிசியோதெரபி வேறு படிப்பு.

நான்கு வயது. பென்சில் பிடி சரியில்லை. ரப்பர் கிரிப் வாங்கலாமா?

வேண்டாம். முதல் பதிலைப் படியுங்கள்.

மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை.

முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள். அடுத்து பேச்சுப் பயிற்சியாளர். இந்த வாரமே போங்கள்.

ஐந்து வயதுப் பேத்தி இடது கையால் எழுதுகிறாள். இப்போதே மாற்றிவிடலாமா?

கூடாது ஐயா. ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவர் இடக்கைக்காரர். ஒரு யு.கே.ஜி. வகுப்பில் பார்த்தேன்: ஆசிரியை அருகில் வந்தால், ஒரு சிறுமி இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்வாள். வலது கையால் அவள் இழுத்த கோடு தாளைக் கிழித்திருந்தது.

(இன்னொருவர்) என்னை ஸ்கேலால் அடித்துத்தான் மாற்றினார்கள். நன்றாகத்தானே இருக்கிறேன்?

இருக்கிறீர்கள். அடித்தது மட்டும் ஐம்பது வருடமாக நினைவிருக்கிறது.

(ஓர் ஆசிரியை) எழுதும்போது பக்கத்துப் பிள்ளையை இடிக்கிறாளே!

பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வையுங்கள். நோட்டு உடலுக்குச் சற்று இடப்பக்கம், இடது மேல்மூலை உயர்ந்திருக்கும்படி சாய்வாக. இடி நின்றுவிடும்.

(மறுபடியும் தாத்தா) சாப்பாடும் அந்தக் கையாலா? பந்தியில் நாலு பேர் பார்க்க மாட்டார்களா?

சோற்றுக்கை எதுவென்பது உங்கள் வீட்டு வழக்கம். அதில் நான் தலையிடவில்லை. வலக்கையால் சாப்பிட்டு இடக்கையால் எழுதுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். எழுதும் கையை விட்டுவிடுங்கள். நான் பயப்படுவது வேறொன்றுக்கு: ஒரு வயதுக்கு முன்பே குழந்தை ஒரே கையை மட்டும் நீட்டினால், அது வலது கையே ஆனாலும், மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றக் கை பலவீனமாக இருக்கலாம்.

பையன் பென்சிலை ஒழுங்காகப் பிடிப்பதில்லை. என்ன செய்வது?

மூன்றாவது முறை! வயதையும் சொல்லவில்லை. மூன்று என்றால் பென்சிலை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். ஐந்தரை என்றால் பக்கத்தில் உள்ள தெரபிஸ்டிடம் நேரில் காட்டுங்கள்.