கௌரம்மாவின் நகைகள்

அன்புள்ள சார்,

சென்ற மாதம் குடும்பத்தோடு மடிக்கேரி போயிருந்தோம். அங்கே குடகு ராஜாக்களின் சமாதிகளைப் பார்த்தோம். கடைசி ராஜா சிக்கவீர ராஜேந்திரனின் சமாதி மட்டும் அங்கே இல்லை. ஏன் என்று கேட்டபோது எங்கள் கார் ஓட்டுநர் ஒரு கதை சொன்னார். ராஜாவின் மகள் கௌரம்மாவை விக்டோரியா ராணி தத்து எடுத்து வளர்த்தாராம். அவள் வயதான ஒரு வெள்ளைக்கார அதிகாரியைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாளாம். அவள் செத்த பிறகு அந்த ஆள் நகையை எல்லாம் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டானாம். ஊருக்கு வந்தும் மனதை விட்டுப் போகவில்லை. கொஞ்சம் தேடிப் படித்ததில், பஞ்சாப் இளவரசர் துலீப் சிங்குக்கு அவளைக் கட்டிவைக்க ராணியே முயற்சி செய்தார் என்று தெரிந்தது. அந்தக் கல்யாணம் நடந்திருந்தால் அந்தப் பெண் நன்றாக இருந்திருப்பாள் இல்லையா? அவ்வளவு பெரிய ராணி, கேம்ப்பெல் என்ற அந்த அதிகாரியோடு நடந்த கல்யாணத்தைத் தடுத்திருக்கக் கூடாதா? என் மகள் லண்டனில் படிக்கிறாள், அதனால்தானோ என்னவோ இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்,

உங்கள் ஓட்டுநர் சொன்னதில் முக்கால்வாசி சரிதான். தத்து என்பது மட்டும் தவறு. ராணி அவளுக்கு ஞானத்தாய். 1852 கோடையில் பக்கிங்ஹாம் அரண்மனையில் கான்டர்பரி பேராயர் ஞானஸ்நானம் கொடுத்தபோது ராணியே ஞானத்தாயாக நின்று, விக்டோரியா என்ற தன் பெயரையும் கொடுத்தார். பெண்ணுக்கு அப்போது பத்து, பதினோரு வயது. ‘காதல்’ என்ற சொல்லிலும் எனக்குச் சந்தேகம் உண்டு, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அப்பாவைப் பார்க்க வேண்டும். 1834 ஏப்ரலில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மடிக்கேரிக்குள் நுழைந்தது, மே மாதம் குடகு கம்பெனிக்குச் சொந்தம் என்று அறிவித்துவிட்டார்கள். ராஜாவை முதலில் நம் வேலூருக்குத்தான் அனுப்பினார்கள். ஆட்சியை இழந்தவர்களைக் கொண்டுவந்து வைப்பதற்கென்றே கம்பெனி அந்த ஊரை வைத்திருந்ததோ என்று தோன்றும். திப்புவின் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள், 1806 சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். கண்டியின் கடைசி அரசர் அங்கேயே இருந்து 1832-ல் அங்கேயே இறந்தார். இரண்டு வருடத்தில் குடகு ராஜா வந்து சேர்ந்தார். அங்கிருந்து காசி. 1841-ல் கௌரம்மா பிறந்தபோது அப்பாவிடம் நாடு இல்லை, கம்பெனி கொடுக்கிற ஓய்வூதியமும் கொண்டுவந்த நகைகளும்தான். மடிக்கேரி அவள் பிறந்த ஊர்கூட இல்லை. நாடு கடத்தப்பட்ட இளவரசி என்கிறோம், அவள் பிறந்ததே நாடுகடத்தலுக்குள்தான்.

1852-ல் ராஜா மகளைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். மகளைக் கிறிஸ்தவக் கல்வி கொடுத்து வளர்க்கப் போகிறேன் என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினார். அது பொய்யில்லை, ஆனால் பாதி உண்மைதான். மீதிப் பாதி ஒரு வழக்கு. அவருடைய பெரியப்பா தொட்டவீர ராஜேந்திரனுக்கு ஆண் வாரிசு இல்லை. தன் மகள் தேவம்மாஜிக்கென்று ஒரு பெருந்தொகையைக் கம்பெனியின் கடன் பத்திரங்களில் போட்டுவைத்துவிட்டுப் போனார். பட்டமும் அந்தப் பெண்ணுக்கே வர வேண்டும் என்று நினைத்தவர் அவர், ஆனால் தம்பி லிங்கராஜன், அதாவது நம் ராஜாவின் அப்பா, அவளை ஒதுக்கிவிட்டு அரியணை ஏறினார். இப்போது அந்தப் பணத்தைக் கம்பெனியிடமிருந்து திரும்ப வாங்கத்தான் சிக்கவீர ராஜேந்திரன் லண்டனில் வழக்குப் போட்டார். அதாவது ஒரு மகளின் பெயரில் இருந்த பணத்துக்காக, இன்னொரு மகளைக் காட்டிக் கடல் தாண்டினார். கௌரம்மாவின் அக்காவை நேபாளப் பிரதமர் ஜங் பகதூருக்கு ஏற்கெனவே கட்டிக்கொடுத்திருந்தார். வழக்கு இழுத்தது. 1859-ல் ராஜா லண்டனிலேயே இறந்தார், அதற்கப்புறம் வந்த தீர்ப்பு, போரில் வென்றவர்கள் எடுத்துக்கொண்ட சொத்தைப் பற்றி நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. மடிக்கேரி சமாதிகளுக்கு நடுவே அவர் ஏன் இல்லை என்ற உங்கள் கேள்விக்கும் பதில் இதுதான், அவர் அதன்பின் ஊர் திரும்பவே இல்லை.

அவரை மோசமான அப்பா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் வேறு என்ன இருந்தது?

சரி, ராணியிடம் வருவோம். ராணிக்கு அந்தக் குழந்தை மீது பிரியம் இருந்தது உண்மை. வின்டர்ஹால்டர் என்ற பெரிய ஓவியரைக் கொண்டு அவளை வரையச் செய்தார், மரோகெட்டி என்ற சிற்பியைக் கொண்டு பளிங்கில் மார்பளவுச் சிலையும் செய்யச் செய்தார். ஓவியத்தில் அவள் இந்திய உடையில், நகைகளோடுதான் நிற்கிறாள். வேடிக்கையைப் பாருங்கள், வளர்ப்பதெல்லாம் ஆங்கிலப் பெண்ணாக, படத்துக்கு நிற்கும்போது மட்டும் கிழக்கத்திய இளவரசி. அப்பாவோடு அதிகம் பழகவிடாமல் பார்த்துக்கொண்டார்கள், பழைய மதத்துக்கும் பழைய பழக்கங்களுக்கும் இழுத்துவிடுவாரோ என்ற பயம். ஒரு ஆங்கிலக் குடும்பத்திலிருந்து இன்னொரு குடும்பத்துக்கு மாற்றி மாற்றி வைத்தார்கள். நம் வீடுகளில் அம்மா இல்லாத பெண்ணை ஒரு வருடம் சித்தி வீட்டில், ஒரு வருடம் மாமா வீட்டில் என்று வைப்பார்கள் இல்லையா, எல்லோரும் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள், ஆனால் அந்தப் பெண்ணுக்கு இது என் வீடு என்று சொல்ல ஒரு மூலை இருக்காது. அந்த மாதிரி. அதிலும் அந்த வீடுகளில் அவள் மேல் எப்போதும் ஒரு கண் இருந்தது.

துலீப் சிங் 1854-ல் இங்கிலாந்து வந்தார். அவருக்கும் ராஜ்யம் போயிருந்தது, அவரும் கிறிஸ்தவராகியிருந்தார். இரண்டு பேரையும் சேர்த்துவைத்தால் இந்தியாவின் முதல் கிறிஸ்தவ அரச தம்பதி கிடைப்பார்கள், அவர்களைப் பார்த்து மற்ற ராஜாக்களும் வருவார்கள் என்பது ராணியின் ஆசை. துலீப் சிங் வேண்டாம் என்றுவிட்டார்.

அவரைக் கட்டியிருந்தால் நன்றாக இருந்திருப்பாளா என்று கேட்கிறீர்கள். துலீப் சிங் கட்டிக்கொண்ட பெண்ணைப் பாருங்கள். கௌரம்மா இறந்த சில மாதங்களில், 1864 ஜூனில், அவர் கெய்ரோவில் மிஷன் பள்ளியில் இருந்த பாம்பா முல்லரை மணந்தார். ஜெர்மன் வியாபாரிக்கும் அபிசீனியப் பெண்ணுக்கும் பிறந்தவர். ஆறு பிள்ளைகள் பெற்று வளர்த்தார். துலீப் சிங் கடனில் மூழ்கினார், பிரிட்டிஷ் அரசோடு மோதினார், 1886-ல் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கிளம்பி ஏடனில் தடுக்கப்பட்டு, மனைவி மக்களை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டுத் தான் பாரிஸுக்குப் போனார், அங்கே அவருக்கு வேறொரு துணை இருந்தது. பாம்பா அடுத்த வருடமே இறந்துபோனார். ஆகவே கௌரம்மா இந்த இடத்தில் தப்பித்தாள் என்றுகூடச் சொல்லலாம், தப்பித்து வேறொன்றில் மாட்டினாள்.

அந்த வேறொன்றும் துலீப் சிங்கின் வட்டத்திலிருந்துதான் வந்தது. துலீப் சிங்கின் பாதுகாவலர் லாகின், அந்த லாகினின் மனைவிக்கு அண்ணன்தான் லெப்டினன்ட் கர்னல் ஜான் கேம்ப்பெல். மதராஸ் படையில் வேலை பார்த்தவர், மனைவியை இழந்தவர், பிள்ளைகள் உள்ளவர், அவளைவிட ஏறக்குறைய முப்பது வயது மூத்தவர். 1860-ல் கல்யாணம் நடந்தபோது அவளுக்கு 19. அப்பா இறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. இதைத்தான் உங்கள் ஓட்டுநர் காதல் என்கிறார். நான் என்ன நினைக்கிறேன் என்றால், பத்து வயதிலிருந்து யார் வீட்டிலோ விருந்தாளியாக இருந்த ஒருத்திக்குக் கல்யாணம் என்பது ஆளைப் பற்றியதாக இருந்திருக்காது, ஒரு வீட்டைப் பற்றியதாக இருந்திருக்கும். கதவைச் சாத்திக்கொள்ளத் தனக்கென்று ஒரு வீடு. அதற்கு ஐம்பது வயதுக்காரர் கிடைத்தால் ஐம்பது வயதுக்காரர். இது என் ஊகம்தான்.

கேம்ப்பெலுக்குச் சூதாட்டம் பிடிக்கும், மனைவியைவிட மனைவியின் நகைகள் பிடிக்கும் என்று அந்தக் குடும்பத்தை அறிந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். 1861-ல் எடித் என்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவளுடைய முழுப்பெயரிலும் விக்டோரியாவும் கௌரம்மாவும் இருந்தார்கள். தாய்க்குக் காசநோய்.

உங்கள் இரண்டாவது கேள்வி, ராணி ஏன் தடுக்கவில்லை என்பது. மறுத்துவிட்டால் அந்தப் பெண்ணை வேறு யாரிடம் ஒப்படைப்பது? பெரியவர்களுக்கு அது ஒரு பொறுப்பு தீர்ந்த விஷயம். நம் கல்யாணங்களில் பாதி இப்படித்தானே முடிவாகின்றன. ஆனால் என்னை உறுத்துவது இதுவல்ல, சட்டம். அன்றைய இங்கிலாந்தில் ஒரு பெண் கல்யாணம் செய்துகொண்டால் அவள் கையில் இருக்கும் பணம், நகை எல்லாம் கணவனுக்குச் சொந்தமாகிவிடும், முன்னதாகவே பத்திரம் எழுதித் தனியாகப் பாதுகாத்து வைக்காவிட்டால். மணமான பெண்களின் சொத்துச் சட்டம் 1870-ல்தான் முதலில் வந்தது, உருப்படியாக வந்தது 1882-ல். விவாகரத்துக்கு 1857 சட்டத்தில் வழி இருந்தது, ஆனால் எப்படி? மனைவி கள்ளத்தொடர்பு வைத்தாள் என்று மட்டும் நிரூபித்தால் கணவனுக்குப் போதும். மனைவி கேட்டால் கள்ளத்தொடர்பு போதாது, அதோடு கொடுமையோ, கைவிட்டதோ, இப்படி இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டும். சூதாடினான், நகையை விற்றான் என்பதெல்லாம் கணக்கிலேயே வராது, ஏனென்றால் அது அவன் நகை.

இதே பெண் காசியிலேயே இருந்து, அப்பா பார்த்த யாரையாவது கட்டிக்கொண்டிருந்தால்? உடன்கட்டையை ஒழித்தோம், விதவைத் திருமணத்துக்குச் சட்டம் போட்டோம் என்று ஆங்கிலேயர்கள் மார்தட்டிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் பிற்போக்கு என்று சொன்ன இந்து சாத்திரத்தில்கூட, பிறந்த வீட்டிலிருந்து பெண் கொண்டுவரும் நகை ஸ்திரீதனம், அது அவளுடையது. ஆபத்துக் காலத்தில் கணவன் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு ஓட்டை உண்டு, அந்த ஓட்டை வழியாக எவ்வளவோ போயிருக்கிறது, நம் பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள். ஆனாலும் கொள்கையளவில் பெட்டிச் சாவி அவளுடையது. நாகரிகம் கற்றுக்கொள்ள வந்த இடத்தில் அந்தச் சாவியும் போனது. அவளைக் காசியில் வைத்திருந்தால் சுகமாக இருந்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை, அங்கேயும் அவளை ஏதோ ஒரு அரசியல் கணக்குக்குத்தான் கட்டிக்கொடுத்திருப்பார்கள், அக்காவைக் கொடுத்த மாதிரி. ஆனால் அவளைக் காப்பாற்றினோம் என்று அவர்கள் சொல்லும்போது மட்டும் எனக்கு இந்தச் சாவி ஞாபகத்துக்கு வருகிறது.

1864 வசந்தத்தில் அவள் இறந்தாள், 23 வயதுகூட நிறையவில்லை. மூன்று வருடம் கழித்து, 1867-ல், கேம்ப்பெல் ஒரு நாள் வீட்டிலிருந்து கிளம்பிப் போனார். கூடவே நகைகளும் போயின என்கிறார்கள். திரும்பி வரவே இல்லை. ஓடிப்போனாரா, யாராவது அடித்துப் போட்டார்களா, இன்று வரை தெரியாது. உங்கள் ஓட்டுநர் அவரைத் திருடன் ஆக்கிவிட்டார். எனக்கு அதுகூடச் சரியாகப் படவில்லை, ஏனென்றால் அன்றைய சட்டப்படி யாருடைய நகையை அவர் திருடினார்? அவருடையதைத்தான். வீட்டில் இருந்த எடித்துக்கு அப்போது ஆறு வயது. அவள் எப்படியோ வளர்ந்தாள், கல்யாணம் ஆனது, ஒரு மகன் பிறந்தான். அம்மாவைப் பற்றி அவளுக்கு என்ன நினைவிருந்திருக்கும், மூன்று வயதுக் குழந்தைக்கு.

ஓவியமும் சிலையும் வைட் தீவில், ராணியின் கோடை வீடான ஆஸ்போர்ன் மாளிகையில் இருக்கின்றன. கல்லறை லண்டனிலேயே, பிராம்ப்டன் இடுகாட்டில். மேற்கு பிராம்ப்டன் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே இருக்கிறது. கல்லில் அவளை முன்னாள் குடகு ராஜாவின் மகள், கேம்ப்பெலின் பிரியமான மனைவி என்று எழுதியிருக்கிறார்கள். கீழே யோவான் சுவிசேஷத்திலிருந்து ஒரு வரி. நம் தமிழ் பைபிளில் அது, ‘இந்தத் தொழுவத்திலுள்ளவைகளல்லாமல் வேறே ஆடுகளும் எனக்கு உண்டு’ என்று வரும். மேய்ப்பர் பேசும் வரி அது, ஆடு பேசுவது இல்லை.

மகளைப் பார்க்கப் போகும்போது ஒரு அரை நாள் ஒதுக்கி அங்கே போய் வாருங்கள். பெரிய இடுகாடு, வாசலில் விசாரித்துக்கொண்டு போவது நல்லது. கல்லைப் படம் எடுத்தால் எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.

அன்புடன்